ஒன்பதடிச் சக்கரம் மேசைமேல்: பி-36 குண்டுவீச்சு விமானத்தின் மூன்று கால்களை 1/24 அளவில் செய்தல்

அமெரிக்காவின் பி-36 விமானத்தை முழுசாக 1/24 அளவில் செய்தால் இறக்கையின் நீளம் மட்டும் 2.92 மீட்டர் வரும். வெள்ளவத்தை அடுக்குமாடி வீட்டில் அதை மாட்ட மேற்கூரை போதாது; மாட்டினால் வீட்டாரின் பொறுமையும் போதாது. ஆனால் அந்த விமானத்தின் சுவையான பகுதி அதன் கால்கள்தான். ஒரே விமான வகை, நான்கு ஆண்டுகளுக்குள், மூன்று விதமான கால்களில் நின்றது: முதலில் பக்கத்துக்கு ஒரே ஒரு பெரிய சக்கரம், பிறகு பக்கத்துக்கு நான்கு சிறிய சக்கரங்கள், கடைசியில் யுத்த தாங்கியில் இருப்பது போன்ற பட்டை. இந்த மூன்றையும் ஒரே பலகையில், ஒரே அளவில், பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திச் செய்வதுதான் இந்த வேலை. பாடசாலைக் கண்காட்சிக்கும் ஏற்றது, அலுமாரித் தட்டுக்கும் ஏற்றது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கால்களை மட்டும் செய்து வெள்ளைப் பலகையில் ஒட்டினால் பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது. காலை மாற்றியது தரை. ஆகவே ஒவ்வொரு காலுக்கும் கீழே உள்ள தரையையும் அதே அளவில், அதே கவனத்தோடு செய்ய வேண்டும்.

தெரிந்திருக்க வேண்டிய கணக்கு

எக்ஸ்பி-36 என்ற முதல் விமானம் 1946 ஆகஸ்ட் 8ஆம் திகதி டெக்ஸாஸின் ஃபோர்ட் வேர்த்தில் பறந்தது. அதன் பிரதான டயரின் விட்டம் 110 அங்குலம், அதாவது 9 அடி 2 அங்குலம். அகலம் 3 அடி. ஒரு டயரின் நிறை மட்டும் அரை டன்னுக்கு மேல். முழுச் சுமையோடு ஏறத்தாழ 125 டன் வரும் விமானம், மூக்குச் சக்கரம் தாங்கும் சிறு பங்கு போக மீதியை இரண்டே இரண்டு டயர்கள் தரையைத் தொடும் இடத்தில் வைத்தது. அதற்கு 22½ அங்குலக் கனமான கொங்கிறீட் ஓடுபாதை வேண்டியிருந்தது. அப்போது அமெரிக்காவிலேயே மூன்று தளங்கள்தான் அதற்குத் தோது: ஃபோர்ட் வேர்த், ஃப்ளோரிடாவின் எக்லின், கலிஃபோர்னியாவின் ஃபேர்ஃபீல்ட்-சூசூன். அதோடு, ஒரு பக்கத்தில் இருக்கும் ஒரே டயர் வெடித்தால் அந்தப் பக்கத்தைத் தாங்க வேறு எதுவும் இல்லை.

பெரிய சக்கரம் என்ற யோசனை எக்ஸ்பி-36 உடன் பிறந்ததல்ல. 1941 ஜூன் 27இல் பறந்த டக்ளஸ் எக்ஸ்பி-19 எட்டடி விட்டச் சக்கரங்களில் நின்றது. எதிர்ப்பக்க யோசனை அதைவிடப் பழையது: முதலாம் உலகப்போரில் ஜெர்மனியின் செப்பலின்-ஸ்டாக்கன் ஆர்.VI, பாரத்தைப் பதினெட்டுச் சிறிய சக்கரங்களில் பிரித்து வைத்தது. பி-36 கடைசியில் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பழைய வழிக்குத்தான். 1947 ஆகஸ்ட் 28இல் பறந்த பி-36ஏ, காலுக்கு நான்கு 56 அங்குலச் சக்கரங்களோடு வந்தது. அதன்பின், இரண்டாம் உலகப்போரில் பறந்த பி-29 குண்டுவீச்சு விமானம் இறங்கக்கூடிய தளங்கள் பி-36க்கும் போதுமாயின.

பி-29 என்றதும் இங்குள்ளவர்களுக்கு ஓர் அளவுகோல் கையில் இருக்கிறது. 1944 ஆகஸ்ட்டில் பி-29கள் திருகோணமலை சீனக்குடாவிலிருந்து பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாக்கப் புறப்பட்டன. அதற்காகச் சீனக்குடா ஓடுபாதை 7,200 அடிக்கு நீட்டப்பட்டது. கண்காட்சியில் வைப்பதென்றால் இரண்டாவது காலின் குறிப்புச்சீட்டில் இதை எழுதுங்கள். ஃபோர்ட் வேர்த்தைத் தெரியாதவர்களுக்கும் சீனக்குடா தெரியும்.

1/24 அளவில் ஓர் அங்குலம் 1.058 மி.மீ. ஆகும். அங்குலத்தில் கிடைக்கும் எந்த அளவையும் இந்த எண்ணால் பெருக்கினால் போதும். பெரிய டயரின் விட்டம் 116.4 மி.மீ., அகலம் 38 மி.மீ. சிறிய டயரின் விட்டம் 59.3 மி.மீ. கொங்கிறீட்டின் கனம் 23.8 மி.மீ. ஐந்தேமுக்கால் அடி ஆள் 73 மி.மீ. உயரம் நிற்பார், சக்கரத்தின் மூன்றில் இரண்டு பங்குகூட வரமாட்டார். அந்த ஒப்பீடுதான் பார்ப்பவரை நிறுத்தும்.

சாமான்

6 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை ஒன்று முழு வேலைக்கும் அடிப்படை. பழைய சோனகத் தெருவில் உள்ள ஹார்ட்வெயார் கடைகளில் அல்லது பலகை வெட்டித்தரும் இடங்களில் துண்டாகவே கேட்கலாம். 2 அடிக்கு 3 அடித் துண்டு தாராளம். எட்டு மி.மீ. போல்ட், நட், பெரிய வாஷர்கள், வெள்ளை மரப்பசை, சாண்டிங் சீலர், கார் பட்டி, 80, 180, 320 இலக்கச் சாண்ட் பேப்பர் ஆகியவற்றையும் அங்கேயே எடுத்துவிடலாம். ஒரு மி.மீ. பிளாஸ்டிக் தகடு வேண்டும். பழைய பிளாஸ்டிக் பெயர்ப்பலகைத் துண்டு இருந்தால் அதுவே போதும்.

காலின் மினுங்கும் பகுதிக்குத் தீந்தை பூசாதீர்கள். எந்த வெள்ளித் தீந்தையும் உண்மையான குரோம்போலத் தெரியாது. தடித்த பிஸ்டனுக்கு, அலுமாரியில் உடுப்புத் தொங்கவிடும் துருப்பிடிக்காத குழாய். மெல்லிய சிலிண்டர்களுக்கு, பழைய வானொலியின் நீளும் ஏரியல். ஏரியலின் ஒவ்வொரு துண்டும் அடுத்ததற்குள் இறுக்கமாக ஓடுவதால், உள்ளே போய்வரும் சிலிண்டர் வேலையே இல்லாமல் கிடைக்கிறது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இலத்திரனியல் உதிரிப்பாகம் விற்கும் இடங்களில் தனி ஏரியல் கிடைக்கும்.

பட்டைக்கு வேண்டியது காரின் பழைய டைமிங் பெல்ட். பஞ்சிகாவத்தையில் புதியது வாங்கத் தேவையில்லை. எந்தக் கராஜிலும் கழற்றிப் போட்டது கிடக்கும். எண்ணெய் ஊறியதை மட்டும் எடுக்காதீர்கள், பசை பிடிக்காது.

பிவிசி மூடிகள் சக்கரத்தின் நடுப்பகுதிக்கு. குழாய்க் கடையில் சொல்லும் அளவும் மூடியின் வெளி அளவும் ஒன்றல்ல. ஆகவே வேண்டிய வட்டத்தைத் தாளில் வரைந்து, வெட்டியெடுத்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

படத்திலிருந்து அளவெடுத்தல்

விமானத்தின் பழைய படங்கள் இணையத்தில் நிறைய உண்டு. சக்கரத்துக்கு அருகில் ஆள் நிற்கும் படம் பார்க்க அழகு, அளவெடுக்க உதவாது. கிட்ட நின்று எடுத்த படத்தில் முன்னால் உள்ளது பெருத்தும் பின்னால் உள்ளது சிறுத்தும் விழும். தூரத்திலிருந்து, விமானத்துக்கு நேர் பக்கமாக எடுத்த படம் ஒன்றும், நேர் முன்னாலிருந்து எடுத்தது ஒன்றும் தேர்ந்தெடுங்கள். பக்கப் படத்தில் டயரின் விட்டம் சரியாக 116 மி.மீ. வரும்வரை படத்தைப் பெருப்பித்து அச்சிடுங்கள். அதன்பின் காலின் தடிப்பு, நீளம், குறுக்குக் கம்பிகளின் சாய்வு எல்லாவற்றையும் தாளில் அடிமட்டம் வைத்தே நேரடியாக எடுக்கலாம்.

விட்டத்தை அளக்கும்போது மேலிருந்து கீழாக அளக்காதீர்கள். டயரின் அடி பாரத்தில் நசுங்கியிருக்கும், உயரம் குறைவாகவே வரும். முன்பின்னாக, அச்சின் மட்டத்தில் அளக்க வேண்டும். இந்த ஒரு தவறால் கால் முழுதும் நாலைந்து மி.மீ. நீண்டுவிடும்.

பெரிய சக்கரம்

வேலையின் பாதி நேரம் இதற்குத்தான் போகும், போகவும் வேண்டும்.

எம்டிஎஃப்பில் 119 மி.மீ. விட்டமுள்ள ஆறு வட்டுகளைக் கவராயத்தால் வரையுங்கள். மையத்தில் ஊசிமுனை பதிந்த இடத்தை அழிக்க வேண்டாம். அங்கேதான் துளை வரும். முதலில் 3 மி.மீ. துளை, பிறகு 8 மி.மீ. எடுத்த எடுப்பில் 8 மி.மீ. ட்ரில் பிட்டை வைத்தால் முனை வழுக்கி மையம் விலகும். துளை போல்ட்டைவிடத் தளர்வாக இருந்தால் சக்கரம் முட்டை வடிவத்துக்குப் போகும், பிறகு எவ்வளவு தேய்த்தாலும் சரிவராது. அதனால் வட்டுகளை வெட்டுமுன்பே போல்ட் துளையில் சற்று இறுக்கமாக நுழைகிறதா என்று பாருங்கள்.

துளை போட்டபின் வட்டுகளை நுண்வாளால் வெட்டி, ஒவ்வொரு பக்கத்துக்கும் மெல்லிதாக மரப்பசை பூசி, போல்ட்டில் கோர்த்து, இருபக்கமும் பெரிய வாஷர் வைத்து நட்டை இறுக்குங்கள். ஓரத்தைச் சுற்றி நான்கைந்து இடங்களில் கவ்விகள் போடாவிட்டால் நடுவில் ஒட்டி விளிம்பில் விரிந்து நிற்கும். மாசியில் பசை ஒரு இரவில் காய்ந்துவிடும். மழைக்காலக் கொழும்பில் இரண்டு நாள் விடுங்கள். வெளிப்பக்கம் காய்ந்ததாகத் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். அந்த நிலையில் சுழற்றினால் வட்டுகள் வழுகிப் பிரியும்.

காய்ந்ததும் போல்ட்டின் நீண்ட முனையை ட்ரில்லில் மாட்டுங்கள். ட்ரில்லை மேசையோடு கவ்வியில் இறுக்க வேண்டும். கையில் பிடித்துக்கொண்டு இந்த அளவு வட்டைச் சுழற்றக் கூடாது. சக்கரம் 300 கிராம் அளவுக்குப் பாரம் உள்ளது, இன்னும் வட்டமாகவும் இல்லை. நிமிடத்துக்கு 600 முதல் 800 சுற்றுப் போதும். வேகம் மாற்ற முடியாத ட்ரில் என்றால் இந்த வேலைக்கு அது வேண்டாம். மொறட்டுவையில் கடைசல் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை, ஒட்டிய கட்டையையும் வடிவத் தாளையும் கொடுத்தால் கடைந்து தருவார்கள். முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். எம்டிஎஃப் தூள் மாவைவிட நுண்மையானது, நெஞ்சில் தங்கும். பால்கனியில் செய்வதானால் பக்கத்து வீட்டில் உடுப்புக் காயப்போடாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

மரக்கட்டையில் சுற்றிய 80 இலக்கச் சாண்ட் பேப்பரை, சுழலும் சக்கரத்தின் கீழ்ப்பக்கமாக மெல்லப் பிடித்து 117 மி.மீ. வரும்வரை எடுங்கள். அதற்குமேல் 180 இலக்கம். தோள்ப்பகுதியை உருட்டுவதற்கு முன், முன்பக்கப் படத்திலிருந்து டயரின் குறுக்கு வடிவத்தை மட்டையில் வெட்டி ஒரு அச்சு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை நம்பினால் ஓட்டோ டயர்போல மெலிந்துவிடும். இந்த டயர் கொழுத்தது, பக்கச்சுவர் வெளியே பிதுங்கி நிற்பது.

எம்டிஎஃப்பின் விளிம்பு பஞ்சுபோன்றது. அப்படியே தீந்தை அடித்தால் உறிஞ்சி, நார் எழும்பி, சொரசொரப்பாகும். சாண்டிங் சீலரை மூன்று முறை பூசி, ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே 320 இலக்கத்தால் தேய்க்க வேண்டும். வட்டுகள் ஒட்டிய கோடுகள் தெரிந்தால் கார் பட்டியை மெல்லிதாக இழுத்து நிரப்புங்கள். டயரில் சுற்றிவரும் கோடுகளை இப்போதே, சக்கரம் சுழலும்போது, ஹெக்சோ பிளேட்டின் மூலையால் தொட்டு எடுத்துவிடலாம். பிறகு கையால் கீறினால் ஒன்றும் நேராக வராது.

இருபக்கமும் 1 மி.மீ. பிளாஸ்டிக் வளையம் வெட்டி ஒட்டினால் அகலம் 36இலிருந்து 38 மி.மீ. ஆகும், விளிம்புக்கட்டும் கிடைக்கும். அதன்மேல் பிவிசி மூடி. மூடியைச் சுற்றி வரும் போல்ட் தலைகளுக்குக் குண்டூசித் தலைகளை வெட்டி ஒட்டலாம்; படத்தில் எத்தனை என்று எண்ணிய பிறகே துளை போடுங்கள்.

அடி நசுங்கல்

இதைச் செய்யாவிட்டால் செய்த அத்தனையும் விளையாட்டுச் சாமானாகிவிடும். சுமை இல்லாமல் நிற்கும் விமானத்துக்கே டயரின் அடி தட்டையாகும். இந்த அளவில் 4 மி.மீ. ஆழத்துக்கு அடியைத் தட்டையாக்கினால், தரையைத் தொடும் நீளம் 42 மி.மீ. வரும். பெரிய சாண்ட் பேப்பர் தாளைக் கண்ணாடித் தட்டில் ஒட்டி, சக்கரத்தை நிமிர்த்திப் பிடித்து முன்பின்னாகத் தேயுங்கள். 42 மி.மீ. வந்ததும் நிறுத்துங்கள். நசுங்கும் டயர் அந்த இடத்தில் பக்கவாட்டில் சற்றுப் பிதுங்கும். தட்டைப் பகுதியின் இருபுறமும் எபொக்சி பட்டியை நகத்தளவு வைத்து, ஈரவிரலால் இழுத்துப் பக்கச்சுவரோடு கலந்துவிடுங்கள். தட்டையாக்கிவிட்டுப் பிதுக்கத்தை விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை; அப்போது டயர் நசுங்கியதாகத் தெரியாது, வாளால் வெட்டியதாகத் தெரியும்.

கால்

உடுப்புத் தொங்கவிடும் குழாய் பிஸ்டன். அதற்கு மேலுள்ள தடித்த சிலிண்டருக்குப் பிவிசிக் குழாய். இரண்டுக்கும் இடையில் இடைவெளி இருந்தால் ஒட்டு நாடாவைச் சுற்றி இறுக்கத்தைச் சரிசெய்யுங்கள். நேராக ஒட்டுவதற்கு முன்பு இரு பக்கமிருந்தும் தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஒரு பாகை சாய்ந்தாலும் இவ்வளவு பெரிய சக்கரத்தில் பளிச்சென்று தெரியும்.

பக்கத்தாங்கியையும் காலை உள்ளிழுக்கும் சிலிண்டரையும் விட்டுவிடாதீர்கள். 1947 மார்ச் 26இல் எக்ஸ்பி-36 மேலெழுந்தபின் வலப்பக்கக் காலை இழுக்கும் அமைப்பு உடைந்து, கால் பிடிப்பில்லாமல் தொங்கியது. விமானி பெரில் எரிக்சனும் துணை விமானியும் ஆறு மணித்தியாலம் சுற்றி எரிபொருளைக் கரைத்தார்கள். மற்றப் பன்னிரண்டு பேர் பாராசூட்டில் குதித்தார்கள். பிறகு இருவரும் விமானத்தைப் பத்திரமாக இறக்கினார்கள். அந்தச் சாய்ந்த கம்பி அலங்காரமல்ல என்பது இதிலிருந்தே தெரியும். ஏரியலின் இரண்டு துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாக விட்டு, இரு முனையிலும் மெல்லிய பித்தளைத் தகட்டால் காது செய்து மாட்டுங்கள். ஏரியல் துண்டை வெட்டும்போது வாளால் அறுக்க வேண்டாம், நசுங்கும். உள்ளே பொருத்தமான கம்பி ஒன்றை விட்டு, மேலே முக்கோண அரத்தால் சுற்றிக் கீறி ஒடித்தெடுங்கள்.

எண்ணெய்க் குழாய்களுக்கு மின்கம்பியின் செம்பு இழைகள் போதும். அவை எப்படி வளைந்து, எங்கே கவ்வி போட்டு ஓடுகின்றன என்று உணர, இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்கு ஒரு காலை நேரம் போய்வாருங்கள். அங்கு பி-36 கிடையாது. ஆனால் எந்த விமானமானாலும் காலின் முழங்கையில் குழாய் தளர்வாக ஒரு வளையம் விட்டே போகும், பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது இழுபடாமல் இருக்க. அதைப் பார்த்தவர் குழாயை ஒருபோதும் இறுக்கி ஒட்டமாட்டார்.

நான்கு சக்கரம்

பெரிய சக்கரம் செய்தவருக்கு இது சுலபம். 65 மி.மீ. ஹோல்சோவால் எம்டிஎஃப்பைத் துளைத்தால் உள்ளே விழும் வட்டு ஏறத்தாழ 61 மி.மீ. இருக்கும். ஒரு டயருக்கு மூன்று வட்டு, மொத்தம் பன்னிரண்டு. ஒட்டி 59 மி.மீ. வரை கடையுங்கள், அகலத்தை 17 மி.மீ. ஆக்குங்கள். நான்கையும் ஒரே நீண்ட போல்ட்டில் இடையிடையே வாஷர் வைத்துக் கோர்த்துச் சேர்த்துத் தேய்த்தால் விட்டம் ஒன்றுக்கொன்று மாறாது. அடி நசுங்கல் 1.5 மி.மீ. போதும்.

இரண்டு முன்னால், இரண்டு பின்னால். நடுவில் ஒரு சட்டம், அதன்மேல் கால். சட்டத்தைச் சரியாகப் படுக்கையாக வைக்காவிட்டால் நான்கு டயரில் மூன்றுதான் தரையைத் தொடும். பலகையில் சமதளக் கண்ணாடி வைத்து, நான்கின் அடியிலும் ஒரு தாளை இழுத்துப் பாருங்கள். எங்கே தாள் இலகுவாக வழுக்குகிறதோ அந்தச் சக்கரம் தூக்கி நிற்கிறது.

பட்டை

1950 மார்ச்சில் எக்ஸ்பி-36 பட்டைக் கால்களோடு பறந்து இறங்கியது. பாரம் கூடியது, இரைச்சல் மிகுந்தது, கைவிட்டார்கள். ஆனால் கணக்கு பொய்யல்ல: நான்கு சக்கரக் கால் தரையில் சதுர அங்குலத்துக்கு 156 இறாத்தல் வைத்த இடத்தில், பட்டை 57 மட்டுமே வைத்தது. டயர்க் கடையில் காருக்குக் காற்று அடிக்கும்போது முப்பது, முப்பத்திரண்டு என்று சொல்வார்களே, அதே அலகுதான். 125 டன் விமானம் ஒரு காரைவிட இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாகத் தரையை அழுத்தியது. இதற்கு முன்பே ஏ-20 விமானத்திலும் சி-82 சரக்கு விமானத்திலும் பி-50 ஒன்றிலும் இதே யோசனையைச் சோதித்திருந்தார்கள்.

டைமிங் பெல்ட்டைப் பிரித்து, படத்தில் அளந்த அகலத்துக்குக் கூரிய கத்தியால் வெட்டுங்கள். அடிமட்டம் வழுக்காமல் இருக்க அடியில் சாண்ட் பேப்பர் ஒட்டிக்கொள்ளுங்கள். உள்ளிருக்கும் நூல் விளிம்பில் பிசிர் கிளப்பும். சுப்பர் குளூவை ஊசிமுனையால் விளிம்பு நெடுகத் தடவினால் நின்றுவிடும். பல் உள்பக்கம், வழுவழுப்பான முதுகு வெளிப்பக்கம்.

முன்னும் பின்னும் உள்ள பெரிய உருளைகளுக்கு எம்டிஎஃப் வட்டு, நடுவில் வரும் சிறிய உருளைகளுக்குத் தையல் மெசினின் உலோகப் பொபின் அல்லது மர உருளைத் துண்டு. எத்தனை என்பதைப் பக்கப் படத்தில் எண்ணி, இரு பிளாஸ்டிக் தகடுகளை ஒன்றாக ஒட்டு நாடாவில் சேர்த்துப் பிடித்து ஒரே தடவையில் துளையிடுங்கள். தனித்தனியே துளைத்தால் அச்சுகள் கோணலாகும்.

பெல்ட்டின் இரு முனையும் சேரும் இடம் தரைப்பக்கம், இரண்டு உருளைகளுக்கு நடுவே வரட்டும். ரப்பருக்கு நேர் வெட்டு பிடிக்காது. இரு முனையையும் சரிவாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, செருப்புத் தைப்பவர் பாவிக்கும் தொடுபசையை இருபக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் அழுத்துங்கள். கார் பெல்ட் தன் பழைய வட்டத்துக்கே திரும்பப் பார்க்கும், மேல்பக்கத்தில் வில்லாக எழும்பும். வெட்டிய துண்டைச் சுடுநீரில் பத்து நிமிடம் போட்டு, நேரான பலகையில் இறுக்கிக் கட்டி ஓர் இரவு விட்டால் அந்தப் பிடிவாதம் பெரும்பாலும் அடங்கும்.

மூன்று தரை

முதல் காலின் கீழ் 24 மி.மீ. கனம். முழுசாக எம்டிஎஃப் அடுக்கத் தேவையில்லை: 18 மி.மீ. உயரமான சட்டத்தின்மேல் 6 மி.மீ. பலகை. முன்விளிம்பை வெட்டுமுகமாக விட்டு, சீமேந்தும் மெல்லிய மணலும் மரப்பசையில் குழைத்துப் பூசுங்கள். பார்ப்பவர் அந்தக் கனத்தைப் பார்க்க வேண்டும். மேற்பரப்பில் சதுரம் சதுரமாகக் கோடு போடும் ஆசையை அடக்குங்கள். ஓடுபாதைக் கொங்கிறீட்டின் ஒரு பாளம் பல அடி அகலம். உங்கள் 25 செ.மீ. பலகையில் ஒரே ஒரு இணைப்புக் கோடு வந்தால் அதிகம். ஓடு பதித்ததுபோலச் செய்தால் சக்கரம் உடனே சிறுத்துவிடும்.

இரண்டாவது தரை அதில் பாதி அளவுக் கனம், மேலே தார். மூன்றாவது வெறும் மண்ணும் புல்லும். மண்ணுக்கு வெள்ளவத்தைக் கடற்கரை மணலை அள்ளாதீர்கள். உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், கம்பிகள் துருப்பிடிக்கும், மேலே வெள்ளை பூக்கும். கட்டட வேலைக்கு எடுத்த ஆற்று மணலைக் கழுவிச் சலித்து வெயிலில் காயவையுங்கள்.

மூன்று தரையின் மேல்மட்டமும் ஒரே கோட்டில் வர, மெல்லிய தரைகளின் கீழே கட்டை கொடுங்கள். பலகையின் அடிப்பக்கத்துக்கும் சீலர் பூச வேண்டும். மேலே மட்டும் பூசினால் ஒரு பருவமழைக்குள் பலகை கிண்ணமாக வளையும்.

ரெஜிபோமில் தரை செய்வது மலிவுதான். ஆனால் ஸ்ப்ரே தீந்தை பட்டவுடன் அது உருகிக் குழியாகும். செய்தே ஆகவேண்டுமென்றால் முதலில் மரப்பசையால் முழுதும் மூடி மூடிப் பூசுங்கள்.

தீந்தை

டயர் கறுப்பல்ல. தூசிபட்ட றப்பர் ஒரு கரும்சாம்பல்; கறுப்பில் ஐந்தில் ஒரு பங்கு வெள்ளையும் துளி மண்ணிறமும் சேர்த்தால் வரும். மூன்று காலின் றப்பருக்கும் ஒரே கலவையைப் பாவிக்காதீர்கள். பட்டையின் ஓரத்தில் மண், பெரிய டயரின் பக்கச்சுவரில் சீமேந்துத் தூள். தூளை உலர்ந்த தூரிகையால் தட்டி, மிகுதியை ஊதிவிடுங்கள்.

வெள்ளி ஸ்ப்ரேயை மழை நாளிலும் அதிகாலையிலும் அடிக்கக்கூடாது. காற்றில் ஈரம் கூடினால் தீந்தை பால்போல வெளுத்துப் படியும். காலை பத்து மணிக்குப் பிறகு, வெயில் உள்ள நாளில், டின்னைக் கையில் பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து அடியுங்கள். அடுப்பிலோ கொதிநீரிலோ டின்னை வைக்கவே கூடாது. வெளுத்துவிட்டால் அவசரப்பட்டு மேலும் அடிக்காமல், நன்றாக வெயிலடிக்கும் வேறொரு நாளில் மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்தால் பெரும்பாலும் மறையும்.

எங்காவது எடுத்துச் செல்வதானால் சக்கரங்களைக் கழற்றக்கூடியதாக விடுங்கள். அச்சில் பசைக்குப் பதில் நட் போட்டு, மேலே மூடியை இறுக்கிச் செருகிவிட்டால் வெளியே தெரியாது. ஓட்டோவின் பின்னிருக்கையில் கொட்டாஞ்சேனையிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகும்போது கால் ஒடிவது பெரிய சக்கரத்தின் பாரத்தாலேயே. சக்கரத்தைத் தனியே துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள், பலகையை நிமிர்த்தாமல் படுக்கையாக வையுங்கள், ஆளின் உருவத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதுதான் எப்போதும் தொலைவது.